சூடானதும் நின்றுவிடும் அம்பாசடர்: இக்னிஷன் பழுதைக் கண்டறியும் முறை

உங்கள் கேள்வியின் சாரம் இது: 1980களின் நடுவில் வந்த அம்பாசடர் மார்க் 4, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். காலையில் உடனே ஸ்டார்ட் ஆகிறது. முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு, யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோலச் சட்டென்று நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால் மீண்டும் ஓடுகிறது. பிளக்குகள், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் ஆகிய மூன்றையும் மாற்றிவிட்டீர்கள், பழுது தீரவில்லை, அடுத்து எதை மாற்றலாம் என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். இந்தப் பழுதின் முக்கியமான குணம், காத்திருந்தால் அது தானாகச் சரியாகிவிடுகிறது என்பதே. ஆகையால் நின்றுபோன வண்டியில் எதைச் செய்தாலும், அதைச் செய்து முடிப்பதற்குள் எஞ்சின் ஆறிவிடுகிறது. ஸ்டார்ட் ஆனதும் கடைசியாகக் கைவைத்த பாகமே குற்றவாளி என்று தோன்றிவிடுகிறது. பெட்ரோல் பம்ப்பின் மீது ஈரத்துணி போடும் பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் நெடுங்காலமாக இருக்கிறது. பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் தடை ஏற்படும்போது அது உண்மையிலேயே உதவும். ஆனால் துணி போட்டுவிட்டு இருபது நிமிடம் காத்திருந்தால், வேலை செய்தது துணியா, இருபது நிமிடமா என்று யாராலும் சொல்ல முடியாது. பணிமனைக்கு இழுத்துச் சென்று சேர்வதற்குள் வண்டி ஆறிவிடுவதால், அங்கே இருப்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் ஊகித்துத்தான் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கிறது. எனவே வண்டி நின்ற முதல் ஐந்து நிமிடங்களுக்குள், நின்ற இடத்திலேயே, அளந்து பார்ப்பது ஒன்றே நம்பகமான வழி. அதற்கான கருவிகளைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: சாதாரண மல்டிமீட்டர், உதிரி ஸ்பார்க் பிளக் ஒன்று, இரு முனையிலும் கிளிப் வைத்த நீளமான ஒயர்கள் இரண்டு (ஒன்றில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கட்டும்), நல்ல நிலையில் இருப்பதாகச் சோதித்து அறிந்த கண்டென்சர் ஒன்று, ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்), கைப்பிடிக்கு நல்ல உறையுள்ள ஸ்க்ரூ டிரைவர்.

அளக்கப் போகும் இக்னிஷன் அமைப்பு, அதாவது பெட்ரோல் கலவையைப் பொறியால் பற்றவைக்கும் மின்சுற்று, எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் சாவி ஸ்விட்ச் வழியாகக் காயிலின் முதன்மைச் சுருளுக்குள் நுழைந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்ற திறந்து மூடும் மின்தொடுப்பு வழியாக எர்த்தை, அதாவது காரின் உலோக உடலை, அடைகிறது. பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 4 ஆம்பியர் ஓடிக் காயிலில் காந்தப்புலத்தை உருவாக்குகிறது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் அந்தப் புலம் சரிந்து, இரண்டாம் சுருளில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தை எழுப்புகிறது. அது நடு ஹெச்.டி. (உயர் மின்னழுத்த) ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும், அங்கிருந்து ரோட்டார் என்ற சுழலும் கை வழியாக உரிய பிளக்குக்கும் போகிறது. பாயிண்ட் திறக்கும்போது முதன்மைச் சுருளிலும் இருநூறு, முந்நூறு வோல்ட் எழும். அது பாயிண்ட்டின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறியாக வீணாகிவிடாமல் ஏற்றுக்கொண்டு, புலம் சட்டென்று சரிய வழிசெய்வது கண்டென்சரின் வேலை. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. இவ்வளவு வேகத்தில், எஞ்சினின் வெப்பத்துக்கும் அதிர்வுக்கும் நடுவில் வேலை செய்யும் ஒரு மெல்லிய ஒயரோ, மின்காப்புக் காகிதமோ சூட்டில் மட்டும் தவறுவது வியப்பில்லை.

வண்டி எப்படி நிற்கிறது என்பதே முதல் தடயம். பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் முதலில் இழுவை குறைந்து, திணறி, ஒருமுறை தேறி, பிறகே நிற்கும். கார்ப்பரேட்டரின் மிதவை அறையில் மீதமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை அது முயன்று பார்க்கும். நீங்கள் சொல்வதுபோலச் சட்டென்று அணைவது மின்சாரக் கோளாற்றின் இயல்பு. நின்றவுடன் சாவியைத் திருப்பி அணைத்துவிடாமல், டேஷ்போர்டில் இக்னிஷன் விளக்கைப் பாருங்கள். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்ட நிலையில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தாக வேண்டும். எரியவில்லை என்றால் சாவி ஸ்விட்ச்சுக்கு வரும் மின்சாரமோ அந்த ஸ்விட்ச்சோ தவறியிருக்கிறது. பானெட்டைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்தது. விளக்கு எரிந்தால் அந்தப் பகுதி முழுவதும் சரி என்று முடிவு செய்துவிட வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது ஸ்பார்க் வருகிறதா என்ற சோதனை. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவுக்குச் செல்லும் ஒயரை மூடியிலிருந்து கழற்றி, அதன் நுனி எஞ்சின் பிளாக்கின் சுத்தமான உலோகப் பகுதியிலிருந்து 6 மி.மீ. தொலைவில் நிற்கும்படி உலர்ந்த மரத்துண்டோ கிளிப்போ வைத்து நிறுத்துங்கள். கையால் பிடிக்க வேண்டாம். பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். இன்னொருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது ‘டப் டப்’ என்ற ஓசையுடன் நீல நிறத்தில் தடித்த பொறி பாய்ந்தால் காயில்வரை எல்லாம் சரி. பழுது ரோட்டாரிலோ மூடியிலோ, இல்லையென்றால் பெட்ரோல் பக்கத்திலோ இருக்கிறது. மெலிந்து மஞ்சளாக வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ பழுது காயில், பாயிண்ட், கண்டென்சர், அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஒயர்கள் ஆகியவற்றுக்குள் அடங்கிவிட்டது. பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அமுக்கப்பட்ட கலவைக்குள் பொறி பாய வேண்டிய அழுத்தம் திறந்த காற்றில் பாய்வதைவிட மிக அதிகம். வெளியே பொறி காட்டும் பிளக் உள்ளே காட்டாமல் போவதற்கு இதுவே காரணம். ஒயரின் நுனியை எங்கும் பொறி பாய இடமில்லாதபடி தொங்கவிட்டுச் சுற்றுவதும் தவறு. அந்த அழுத்தம் காயிலின் உள் மின்காப்பைத் துளைத்துவிடக்கூடும்.

ஸ்பார்க் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கட்டம் மற்றவற்றைவிட அதிகம் கவனத்துக்கு உரியது, ஏனெனில் பெரும்பாலான தவறான முடிவுகள் இங்கேதான் எடுக்கப்படுகின்றன. காயிலின் மேல் இரண்டு சிறிய முனைகள் இருக்கும். பழைய லூகாஸ் வகைக் காயில்களில் எஸ்.டபிள்யூ. என்று குறித்த முனை சாவியிலிருந்து வரும் வெள்ளை ஒயருக்கு உரியது, சி.பி. என்று குறித்த முனையிலிருந்து வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட ஒயர் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். புதிய காயில்களில் கூட்டல், கழித்தல் குறிகள் இருக்கும். நாற்பதாண்டு ஓடிய வண்டியில் ஒயர் நிறங்கள் மாறியிருக்கலாம் என்பதால் முனைக் குறியையே நம்புங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடிய நிலையில் நிற்கும்படி எஞ்சினைச் சிறிது சுற்றி வையுங்கள். சாவியைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பிளஸ் முனையிலும் மறுமுனையைக் காயிலின் எஸ்.டபிள்யூ. முனையிலும் வையுங்கள். இவ்விரண்டுக்கும் இடையே காட்டும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. (உங்கள் வண்டியில் பாட்டரியின் மைனஸ் முனை பாடியோடு இணைந்திருப்பதாகக் கொண்டு சொல்கிறேன்; பிளஸ் முனை எர்த் ஆகியிருந்தால் முனைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.)

பாயிண்ட் மூடியிருக்க வேண்டும் என்று வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாயிண்ட் திறந்திருக்கும்போது மின்சாரம் ஓடுவதில்லை. ஓடாத மின்சாரத்துக்குத் தடையும் தெரியாது. துருப்பிடித்த ஸ்விட்ச்சோ, கருகிய இணைப்போ வழியில் இருந்தாலும் மீட்டர் முழு 12 வோல்ட்டைக் காட்டும். டேஷ்போர்டின் சிறு விளக்கும் பிரகாசமாகவே எரியும். பாயிண்ட் மூடி 4 ஆம்பியர் ஓடத் தொடங்கும்போதுதான் குட்டு வெளிப்படும். கணக்கிட்டுப் பாருங்கள்: 3 ஓம் காயிலோடு வழியில் 1 ஓம் தடை சேர்ந்தால் மின்னோட்டம் 3 ஆம்பியராகக் குறையும், 3 வோல்ட் அந்தத் தடையிலேயே செலவாகும், காயிலுக்குக் கிடைப்பது 9 வோல்ட். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஸ்பார்க்கின் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. இணைப்பு சூடாகச் சூடாக அந்த 1 ஓம் இன்னும் கூடும். சாவி ஸ்விட்ச்சின் பின்புற முனைகளையும், திருட்டுக்கு அஞ்சி முன்னாள் உரிமையாளர்கள் டேஷ்போர்டுக்குக் கீழே மறைவாகப் பொருத்திய ஸ்விட்ச் ஏதேனும் இருந்தால் அதையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். இத்தகைய மறைவு ஸ்விட்ச்சுகள் இக்காலத்து உரிமையாளருக்குத் தெரியாமலே பழைய கார்களில் தங்கிவிடுகின்றன.

வித்தியாசம் அதிகமாக இருந்தால், ஃபியூஸ் வைத்த உங்கள் ஒயரைப் பாட்டரி பிளஸ்ஸிலிருந்து நேராக எஸ்.டபிள்யூ. முனைக்குக் கொடுத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடினால் காரணம் உறுதி. ஆனால் அந்த ஒயர் இருக்கும்வரை சாவியைத் திருப்பினால் எஞ்சின் அணையாது என்பதையும், நின்ற நிலையில் பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சூடேறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இதே காரணத்தால் எந்தச் சோதனையிலும் சாவியைத் தேவையான நேரத்துக்கு மேல் போட்டு வைக்காதீர்கள்.

எஸ்.டபிள்யூ. முனை சரியாக இருந்தால் மீட்டரை சி.பி. முனைக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே வையுங்கள். பாயிண்ட் மூடியிருக்கையில் கிட்டத்தட்ட சுழியம், அதிகம் போனால் 0.2 வோல்ட் காட்ட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் பாயிண்ட்டைத் திறந்தால் 12 வோல்ட் காட்ட வேண்டும். பாயிண்ட் மூடியும் வோல்ட் இறங்கவில்லை என்றால், பாயிண்ட்டின் முகத்தில் எண்ணெயோ கருகலோ படிந்திருக்கிறது, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒயர் அறுந்திருக்கிறது. திறந்தும் 12 வோல்ட் வரவில்லை என்றால், எங்கோ எர்த் தொடுகிறது, அல்லது முதன்மைச் சுருள் அறுந்திருக்கிறது. இவ்விரண்டையும் பிரிக்க சி.பி. முனையிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் ஒயரைக் கழற்றுங்கள். உடனே முனையில் 12 வோல்ட் தோன்றினால் சுருள் நலம், எர்த் தொடுவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள். அங்கே சந்தேகிக்க வேண்டியவை கண்டென்சரும், பாயிண்ட்டைப் பிடிக்கும் நட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய சிறு காப்பு வாஷர்களும் ஆகும். பாயிண்ட் மாற்றும்போது இந்த வாஷர்களின் வரிசை மாறிப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அறுந்த ஒயர் என்று சொன்னேன். என் மதிப்பீட்டில், உங்கள் வண்டியில் முதலில் சந்தேகிக்கத்தக்க இரண்டில் இது ஒன்று. பாயிண்ட் அமர்ந்திருக்கும் தட்டு, எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு பொறியின் நேரத்தை மாற்றும் வேக்குவம் அட்வான்ஸின் இழுப்புக்கேற்ப ஓயாமல் முன்னும் பின்னும் அசைகிறது. அந்தத் தட்டை எர்த் செய்யும் சிறிய நெகிழ் ஒயரும், வெளியிலிருந்து பாயிண்ட்டுக்கு வரும் ஒயரும் அதோடு சேர்ந்து வளைந்து வளைந்து, மேலுறை முழுதாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும். கடைசி ஒன்றிரண்டு இழைகள் குளிரில் தொட்டுக்கொண்டிருந்து, சூட்டில் விலகும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மீட்டரை சி.பி. முனையில் வைத்துக்கொண்டு அந்த ஒயர்களை மெல்ல அசைத்தும், வேக்குவம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சித் தட்டை நகர்த்தியும் பாருங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் அளவு துள்ளினால் அதுதான். மாற்றும்போது பல மெல்லிய இழைகள் கொண்ட நெகிழ் ஒயரையே பயன்படுத்த வேண்டும். வீட்டு வயரிங்குக்கான தடித்த ஒயர் சில மாதங்கள்கூடத் தாங்காது.

சந்தேகிக்கத்தக்க இன்னொன்று கண்டென்சர். உள்ளே சுருட்டிய தகடும் காகிதமும் சூட்டில் தவறத் தொடங்கினால், குளிரில் அளந்து பார்ப்பது பயன்படாது. அப்போது அது 0.2 மைக்ரோஃபாரட் அளவை ஒழுங்காகவே காட்டும். சூட்டில் அதைக் கையும் களவுமாகப் பிடிக்க எளிய வழி உண்டு. நடு ஹெச்.டி. ஒயரை முன்போலவே பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி நிறுத்தி, சாவியைப் போட்டு, பாயிண்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் திறந்து மூடுங்கள். பாயிண்ட்டில் மட்டும் தடித்த நீலப் பொறி பறந்து, ஹெச்.டி. முனையில் பொறி வராவிட்டால் அல்லது நலிந்து வந்தால், கண்டென்சர் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அங்கேயே உங்களிடம் உள்ள நல்ல கண்டென்சரின் உடலை எஞ்சினோடு கிளிப்பால் இணைத்து, அதன் ஒயரைக் காயிலின் சி.பி. முனையில் கொடுங்கள், டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்கவே தேவையில்லை. பொறி உடனே வலுப்பெற்றால், காத்திருப்பு இல்லாமல் கிடைத்த சான்று அது. பழைய கண்டென்சர் உள்ளே எர்த் ஆகியிருந்தால் மட்டும், அதைக் கழற்றிய பிறகே இந்தச் சோதனை பலிக்கும். பாயிண்ட்டின் ஒரு முகத்தில் மேடும் மறுமுகத்தில் பள்ளமும் உருவாகியிருப்பதும் கண்டென்சர் சரியில்லை என்பதற்கான பழைய அடையாளம். சந்தையில் இன்று கிடைக்கும் கண்டென்சர்களின் தரம் ஒரே சீராக இல்லை. புதியது என்பதாலேயே நல்லது என்று எண்ண வேண்டாம்.

நீங்கள் மாற்றிய காயிலைப் பற்றியும் ஒன்று கேட்டாக வேண்டும். அதன் இரு சிறு முனைகளுக்கு இடையே ஒயர்களைக் கழற்றிவிட்டு ஓம் அளந்தீர்களா? நேராக 12 வோல்ட்டில் இயங்கும் காயில் ஆறிய நிலையில் 3 ஓம் அளவில் காட்டும். வெளியே தனித் தடையோடு, அதாவது பல்லாஸ்ட் ரெசிஸ்டரோடு பயன்படுத்த வேண்டிய வகை 1.5 ஓம் அளவில் காட்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாம் வகையைத் தடையில்லாமல் பொருத்தினால் 4 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியர் ஓடி, காயில் கைவைக்க முடியாதபடி கொதிக்கும், பாயிண்ட்டும் விரைவில் கருகும். வண்டி நிற்பது முன்னைவிட மோசமாகும். சூட்டில் ஓம் சற்றே கூடுவதைப் பார்த்து அஞ்ச வேண்டாம்: செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் உயரும், ஆகவே 3 ஓம் காயில் நல்ல சூட்டில் 3.7 ஓம் காட்டுவது இயல்பே. இரு முனைகளும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்தாலும் வண்டி ஓடும், ஆனால் பொறியின் திசை தலைகீழாகி, பிளக்கில் பாய அதிக அழுத்தம் தேவைப்படும். மைனஸ் எர்த் வண்டியில் சாவியின் ஒயர் கூட்டல் குறியுள்ள முனைக்கே வர வேண்டும்.

காயிலிலிருந்து பொறி நன்றாக வந்தும் எஞ்சின் ஓடாவிட்டால் ரோட்டாரைச் சோதியுங்கள். மூடியைக் கழற்றி, ரோட்டாரை அதன் இடத்திலேயே விட்டு, நடு ஹெச்.டி. ஒயரின் நுனியை ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்கு மேல் 3 மி.மீ. தொலைவில் நிறுத்திப் பாயிண்ட்டைத் திறந்து மூடுங்கள். பொறி தொடர்ந்து தகட்டுக்குப் பாய்ந்தால், ரோட்டாரின் பிளாஸ்டிக்கைத் துளைத்து மின்சாரம் கீழே தண்டுக்குள் இறங்குகிறது என்று பொருள். தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய மலிவான ரோட்டார்களில், ரிவெட்டின் அடிமுனைக்கும் தண்டுக்கும் இடையே காப்பு மெல்லியதாக இருப்பதால் இது அடிக்கடி நேர்கிறது, சூட்டில் மட்டும் நேர்வதும் உண்டு. மூடியைப் பொறுத்தவரை, நடுவில் உள்ள கரித்துண்டு தன் ஸ்பிரிங்கில் தடையின்றி ஏறி இறங்குகிறதா, உட்புறத்தில் பென்சில் கோடுபோன்ற கரித்தடம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைக் கழற்றி, தொடும் பரப்புகளைத் தேய்த்து மாட்ட வேண்டும்.

பழுதைக் கண்டு சரிசெய்த பின் பாயிண்ட்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள், பிளக்கின் இடைவெளியை 0.64 மி.மீ.க்கு அமைத்து, அதன் பிறகே டைமிங்கை (பொறி பாயும் நேரத்தை) சரிபாருங்கள். பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் வரிசை முக்கியம். புதிய பாயிண்ட்டின் முகத்தில் இருக்கும் காப்புப் படலத்தைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பொருத்த வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் கேமில் (பாயிண்ட்டைத் திறக்கும் மேடுகளில்) மிகச் சிறிதளவு கிரீஸ் தடவுங்கள். உலர்ந்திருந்தால் பாயிண்ட்டின் குதிகால் (கேமில் உரசும் பகுதி) விரைவாகத் தேய்ந்து இடைவெளி மூடிக்கொள்ளும், அதிகமானால் அது தெறித்துப் பாயிண்ட்டின் முகத்தில் படியும்.

பாயிண்ட்டை நீக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நல்ல மாற்றம்தான், பாயிண்ட், கண்டென்சர் இரண்டின் தொல்லையும் ஒழியும். ஆனால் பழுதைக் கண்டுபிடிக்கும் முன் அதைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாவி ஸ்விட்ச்சிலோ எர்த்திலோ தட்டின் நெகிழ் ஒயரிலோ பழுது இருந்தால் அது அப்படியே தொடரும். மேலும் அத்தகைய கருவிகளில் பல குறைந்த வோல்ட்டையும் பொருந்தாத காயிலையும் பாயிண்ட்டைவிடக் குறைவாகவே பொறுத்துக்கொள்ளும்.

அடுத்த முறை வண்டி நிற்கும்போது, ஐந்து நிமிடத்துக்குள், மூன்று அளவுகளை எடுத்து எழுதுங்கள்: பாயிண்ட் மூடிய நிலையில் பாட்டரி பிளஸ்ஸுக்கும் எஸ்.டபிள்யூ. முனைக்கும் உள்ள வித்தியாசம், அதே நிலையில் சி.பி. முனைக்கும் எஞ்சினுக்கும் உள்ள வோல்ட், பாயிண்ட் திறந்த நிலையில் அதே இடத்தின் வோல்ட். கூடவே புதிய காயிலின் ஓம் அளவையும், பாயிண்ட்டைக் கையால் திறக்கும்போது பொறி எங்கே, எந்த நிறத்தில் வந்தது என்பதையும் சொல்லுங்கள். இவ்வளவும் கிடைத்தால் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிடுவேன்.